மூச்சை உள்ளிழுத்துச் சொல்லும் ஆமாம்

இந்த ஊரில் பலர் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்கிறார்கள். 'யோ' என்று ஒரு சின்ன உறிஞ்சல். ஹெல்சிங்கிக்கு வந்த புதிதில், கூட்டத்தில் பக்கத்தில் இருந்த ஹன்னா அப்படிச் சொன்னதும், பாவம், மூச்சுத் திணறுகிறது என்று ஓடித் தண்ணீர் கொண்டுவந்தேன். ஏதும் புரியாமல், தாகமும் இல்லாமல், மரியாதைக்காக முழுத் தம்ளரையும் குடித்தாள். குளிர் தேசம், சொல்லைக்கூட வெளியே விட மனமில்லை போலும்.

என் வேலையை ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. அடுத்த கொள்ளைநோயை அது பரவுமுன் கண்டுகொள்ளும் ஆராய்ச்சிக்குப் பல நாடுகள் தரும் பணத்தைச் சேர்ப்பது, ஒரு நாட்டு ஆய்வகத்தை இன்னொன்றோடு பேசவைப்பது. கல்யாணத் தரகர் மாதிரி. தரகருக்குப் பந்தியில் இடமுண்டு, பேச்சில் இல்லை. எங்கள் கூட்டமைப்பில் ஒரு வழக்கம்: முடிவை எழுதி எல்லா நாடுகளுக்கும் அனுப்புவோம், குறித்த நேரத்துக்குள் எவரும் மறுக்காவிட்டால் நிறைவேறியதாகப் பொருள். மௌனம்தான் கையெழுத்து.

சென்ற மாதம் என் கையால் அனுப்பிய முடிவில் என் ஊர் கும்மிடிப்பூண்டியும் இருந்தது. நாடுகள் தங்கள் பங்கைக் குறைத்துவிட்டன. ஆகவே, புதிதாக எதுவும் அகப்படாத காய்ச்சல் கண்காணிப்பு இடங்களை மூடிவிடலாம். வீட்டில் திருடன் வராததால் நாயை விரட்டிவிடுவதுபோல.

அங்கே அந்தக் கண்காணிப்பு வேலையைச் செய்பவள் என் சித்தி மகள் எஸ்தர். நான் இங்கே வருமுன்பே அதில் இருப்பவள். எங்கள் அப்பாக்கள் வயல்கூலியை விட்டு உருக்காலைக்குப் போனவர்கள். அந்தப் புகைதான் எங்கள் இருவருக்கும் மேகம். போன மழைக்காலத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகைகளுக்கு அவளோடு போனேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஷிப்டுக்கு ஒருவர் எழுந்த பாயில், ஷிப்டு முடிந்த இன்னொருவர் படுக்கிறார். காய்ச்சல்காரர்களின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். யாருக்கு ஜுரம் என்று உடைந்த இந்தியில் கேட்டாள். இல்லை இல்லை என்று சிரித்தார்கள். மூலையில் ஒருவன் மட்டும் பேசவில்லை. நேரே அவனிடம் போனாள். ஜுரமென்று தெரிந்தால் கான்ட்ராக்டர் ஊருக்கு ரயிலேற்றிவிடுவான் என்ற பயம் அவனுக்கு. வெளியே வந்து சொன்னாள்: "இல்லாதவன் சிரிச்சிக்கினே இல்லன்னுவான். வாயே தொறக்கலன்னா அவனுக்குத்தான்க்கா."

முடிவை மறுக்கும் உரிமை எனக்கில்லை. இந்த நாட்டு நிதியின் சார்பில் அமரும் ஹன்னாவுக்கு உண்டு. அவளிடம் எல்லாம் சொன்னேன். கொட்டகையை, சூடு ஆறாத பாயை. அங்கே மூடினால் அடுத்த நோயை உன் விமான நிலையத்தில்தான் பார்ப்பாய் என்றேன். ஒவ்வொன்றுக்கும் 'யோ' என்று மூச்சை இழுத்தாள். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. கெடு முடியும் வெள்ளி நண்பகல்வரை திரையையே பார்த்திருந்தேன். ஒரு வரி வரவில்லை, எந்த நாட்டிலிருந்தும்.

காபி இயந்திரத்தருகே அவளைப் பிடித்தேன்.

"நீங்கள் சொன்னது உண்மை. அதனால்தான் ஆமாம் என்றேன்," என்றாள், வியப்போடு. "மறுப்பது அமைச்சகத்தின் கையில். அவர்களிடம் பணமில்லை."

அவள் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் கோபமாவது மிஞ்சியிருக்கும்.

அன்றே எஸ்தரை அழைத்தேன். ஆரம்பாக்கம் போகும் ரயிலில் நின்றிருந்தாள். ஷிப்டு முடிந்தவர்களின் இரைச்சல். நடுவே யாரோ இருமுகிறார்கள்.

"இன்னாக்கா, மூடறாங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல் வெளியே வராமல் உள்ளே போயிற்று. யோ. எந்தக் குளிர்காலத்தில் இது என் தொண்டையில் குடிவந்ததோ தெரியவில்லை.

அவளுக்கு அது ஆமாமாகக் கேட்கவில்லை.

"அய்ய, இன்னாக்கா இப்டி இழுக்குது மூச்சு? மூடுனா மூடிக்கினு போட்டும். அந்த ஐஸ் பெட்டிய எங்க ஊட்டுக்காரரு மீன் வைக்கக் கேட்டுக்கினே கீறாரு. நீ சொல்லு, ஜுரமா ஒனக்கு?"

சன்னலுக்கு வெளியே பனி, சத்தமில்லாமல். ரயிலில் அந்த ஆள் மறுபடி இருமினான். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் கொட்டகையில் கேட்டதுபோல.