கன்னத்தில் பார்த்தவர்

லிந்துலை மலை ஏற்றத்தில் என் தேயிலைக் கொழுந்து லொறிக்குள் புகை நாற்றம் அடித்தது. கராஜில் திறந்து பார்த்தபோது, புகையைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் குழாயின் இணைப்பை அடைக்கும் கேஸ்கட் எரிந்துபோயிருந்தது. மெக்கானிக்கின் கண்கள் அசதியில் சொருகியிருந்தன, இடது கன்னம் கறுத்துத் தடித்திருந்தது. அன்று அவருக்கு அது நாலாவது லொறி. புதிய கேஸ்கட்டை வைத்து நட்டுகளை இறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, கசிவு பார்க்கப் பொருத்திய இடத்தருகே அந்தக் கன்னத்தைக் கொண்டுபோனார்.

"கைய வச்சுப் பாத்தா ஆகாதுங்களா?" என்றேன்.

"கை மரத்துப்போயி வருசக்கணக்காச்சுங்க. பொக கசிஞ்சாலும் தெரியாது."

வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இதுவும் மரத்துருச்சு போல. நீங்க வந்து பாருங்க."

குனிந்தேன். புகை கசியும் மெல்லிய சூடு என் கன்னத்தில் பட்டது. அதை அவரிடம் சொல்லாமல், மறு கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.