பிளாஸ்க் மூடியில் ஒரு வாய் டீ

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். சுவரில் ஃபுளூ காய்ச்சல் பற்றிக் கேள்வி பதில் ஒட்டியிருந்தார்கள். ‘ஒரே டம்ளரில் இருவர் குடிக்கலாமா?’ என்ற கேள்வியைப் படித்ததும் குப்பென்று ஏலக்காய் வாசம். அங்கே அடித்ததென்னவோ டெட்டால் நெடிதான். என் மூக்கு என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது!

அது பஷீர் பாயின் டீ. நெய்வேலி மைன்ஸில் எங்கள் இருவருக்கும் கன்வேயர் பெல்ட் பார்க்கும் வேலை. நான் புதிதாகச் சேர்ந்த பெர்மனென்ட், அவர் பல வருட கான்ட்ராக்ட். நைட் ஷிப்ட் முடித்து அவர் இறங்குவார், காலையில் நான் ஏறுவேன். பிளாஸ்க்கில் மிச்சம் வைத்திருக்கும் டீயை மூடியில் ஊற்றி அவர் ஒரு வாய், நான் ஒரு வாய். அதைக் குடிக்காமல் எங்களுக்கு ஷிப்ட் மாறியதாகவே தோன்றாது.

பன்றிக் காய்ச்சல் ஊரைக் கலக்கிய சமயம் அது. மைன்ஸ் கேட் அருகே ஒரு டாக்டரம்மா கூட்டம் போட்டார்.

“கறி துன்னா வருமாங்க?”

“நல்லா வெந்த கறியால வராது. இருமினா, தும்மினாத்தான் பரவும்.”

“கரித்தூசிக்குக் கட்டற மாஸ்க் போதுங்களா?”

“ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் கட்டாதீங்க. ஒரே டம்ளர்ல குடிக்காதீங்க. கர்ப்பிணிங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.”

என் மனைவி அப்போது ஏழு மாதம். ஆனாலும் மறுநாள் காலை பாய் மூடியை நீட்டியதும் வாங்கிக் குடித்தேன். டம்ளர்தானே ஆகாது, மூடிக்கென்ன என்று எங்கள் இருவர் மூளையும் சமாதானம் சொல்லியிருக்க வேண்டும்.

மதியம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கொளுத்தும் வெயிலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய். வாயைச் சுற்றித் துண்டு. நான் நெருங்கினேன்.

“வராத தம்பி! அங்கியே நில்லு! வூட்டுக்குப் போனதும் ஜுரம் வந்துடுச்சி. ஒடம்பு நடுங்கிகினே இருக்குது. காலையில ஒரே மூடியில குடிச்சமே! நீ வூட்டுக்குப் போவாத, புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குது!”

பக்கத்திலேயே கான்ட்ராக்டர் நின்றிருந்தார். காய்ச்சல் என்று தெரிந்தால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. மாத்திரையை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வருவதுதான் கான்ட்ராக்ட் ஆட்களின் வழக்கம். அந்த மனிதரோ மந்தாரக்குப்பத்திலிருந்து காய்ச்சலோடு சைக்கிள் மிதித்து வந்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினார். நானாக இருந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

நண்பனின் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் தங்கினேன். இரண்டு நாளில் எனக்கும் அதே காய்ச்சல் வந்து, லீவில் கிடந்து தேறினேன். வீட்டு வேலிக்கு வெளியே நின்று மனைவியைப் பார்த்ததோடு சரி. பாய் தேறி வந்தபோது அவர் இடத்தில் வேறு ஆள் நின்றான்.

“போனாப் போவுது தம்பி. வூட்ல நல்லா இருக்குதா?” என்றார்.

இப்போது பெல்ட்டில் ஆளுக்கொரு பாட்டில். அதுதான் சரி, புதியவர்களுக்கு நானே சொல்கிறேன். ஷிப்ட் மாறும்போது யாரும் யாரிடமும் எதையும் நீட்டுவதில்லை.

மகள் மாஸ்க்கோடு என் தோளில் சாய்ந்திருந்தாள். அன்று வயிற்றில் இருந்தவள் இவள்தான். வேலை தேடி வெளியூர் போன பாய், இவளைப் பார்த்ததே இல்லை.