டைனோசர் மண்டையோடும் டிராயிங் சாரும்

பாச்சை உருண்டையும் பழைய மர வார்னிஷும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த டைனோசர்தான் நினைவுக்கு வரும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, விருதுநகரிலிருந்து எங்களைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப்போனார்கள். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், கறி தின்னும் டைனோசரின் மண்டையோடு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் பயந்தும் சிரித்தும் நகர்ந்துபோக, நான் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பல் பல்லாகப் பார்த்து வரைந்தேன். கண்ணாடியில் தெரிந்த என் ரெட்டைச்சடையின் நிழலைக்கூட விடாமல், அதன் நெற்றியில் இரண்டு வளைகோடாக இழுத்துவைத்தேன்.

"அம்சமா இருக்கு, பாத்துட்டுத் தாரேன்" என்று நோட்டை வாங்கிய டிராயிங் சார் திருப்பித் தரவேயில்லை. கேட்டபோதெல்லாம் தொலைந்துபோயிற்று என்றார்.

தீபாவளி "சீசன்" வந்தது. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் "கம்பெனி"யில் வெடிப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் சாயங்காலம் முந்தானையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து, "ஏ புள்ள, நீ சொல்லிச் சொல்லி அழுதியே, அந்த மண்டையோடு இதானா?" என்று நீட்டினாள். அதேதான். நெற்றியில் அந்த இரண்டு கோடுகள். மூலையில் சாரின் கையெழுத்து; என் படத்தைத் தன் படமென்று கம்பெனிக்கு விற்றிருந்தார். ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "சாரப் பகைச்சுக்கிடாத, மார்க்குல கை வச்சிருவாக" என்றாள் அம்மா. நான் ஆண்டுவிழா வரைக்கும் வாயே திறக்காமல் காத்திருந்தேன்.

விழாக் கண்காட்சியில் சார் அந்த லேபிளைச் சட்டம் போட்டு மாட்டி, தலைமையாசிரியைக்கும் பெற்றோர்களுக்கும் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"சார், நெத்தியில ரெண்டு கோடு இருக்கே, அது என்னது?"

"அதுவா, எலும்புல விட்ட விரிசல்."

"விரிசல் இல்ல சார், என் சடை. கண்ணாடியில தெரிஞ்சுது, நாந்தான் வரைஞ்சேன்."

சொல்லிவிட்டு, சட்டத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து நின்றேன். சடையின் வளைவும் கோட்டின் வளைவும் ஒன்றாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "நெசமா சார்?" என்று தலைமையாசிரியை கேட்டார். சாரின் கழுத்தில் வேர்வை வழிந்தது, எனக்கு இனித்தது. தலைமையாசிரியையே சட்டத்தைக் கழற்றினார். தொலைந்த நோட்டு மறுநாளே கிடைத்துவிட்டது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

போன மாதம் சென்னைக்குப் போயிருந்தேன். அருங்காட்சியகத்தின் அந்தக் கூடத்தில் மண்டையோடு இல்லை. அந்த வெடிப்பெட்டியும் இப்போது கடைகளில் வருவதில்லை. சாரும் போய்விட்டார். அந்தச் செய்தியைச் சொன்ன அம்மா, "செத்தவுக மேல என்னத்துக்குக் கோவம், விட்டுரு" என்றாள். சரி என்று தலையாட்டினேன். விடவில்லை.