வெள்ளைப் பொடி நீலமான அன்று

பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை பார்த்தவர் அப்பா. நான் பி.எஸ்ஸி. முடித்தால் அங்கேயே லேபில் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். மார்ச்சில் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் கோட்டைவிட்டேன். "அக்டோபர் வரைக்கும் பார்ப்பேன்" என்றார் முதலாளி. அதிலும் போனால் எனக்கும் குழிதான்.

அக்டோபர் பரீட்சையன்று தாம்பரத்தில் விடாத மழை. மயில் துத்தம் கொடுத்தார்கள். அந்த நீலப் படிகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் சுட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் போய் வெள்ளைப் பொடியாகும். குறைந்த எடையை வைத்து, ஒரு மூலக்கூறு துத்தத்தில் எத்தனை மூலக்கூறு தண்ணீர் என்று கணக்குப் போடவேண்டும். விடை அஞ்சு. அது பெஞ்சுக்குக்கூடத் தெரியும்.

நன்றாகத்தான் சுட்டேன். பளிச்சென்று வெள்ளை. ஆறவைக்கும் கண்ணாடிச் சாடியைத் திறந்தால், அடியில் ஈரத்தை உறிஞ்சவேண்டிய உப்பே ஊறிக் கஞ்சியாகக் கிடந்தது. தராசு இரண்டில் ஒன்று ரிப்பேர். மற்றதற்குப் பெரிய கியூ. ரயில் போனால் முள் ஆடும். அது அடங்கும்வரை முன்னால் நிற்பவன் நகரமாட்டான்.

கிண்ணத்தைப் பார்த்தேன். ஓரத்தில் இலேசாக நீலம். அய்யோ! காற்றிலிருந்த மழையெல்லாம் என் பொடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூடியை அழுத்திப் பிடித்தேன். என்ன பிடித்து என்ன? மறுபடி சுட நேரமில்லை.

"மச்சான், நீலமா ஆயிகினே கீதுடா, இன்னா பண்றது?" என்றேன் பின்னால் நின்றவனிடம்.

"பேஜார் பண்ணாத. அஞ்சு வர்ற மாதிரி ஒரு எடைய எழுதிட்டுப் போயிகினே இரு."

அவனும் அதைத்தான் செய்தான். என் முறை வந்து நிறுத்துக் கணக்குப் போட்டால், எனக்கு நாலேகால் வந்தது. திரும்பப் போட்டேன். நாலேகாலேதான். மூன்று வருஷமாக எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் தொண்டை கிழியக் கத்தியது ஒன்றுதான்: வந்ததை எழுது. எழுதினேன்.

"மயில் துத்தத்துல நாலேகாலா?" வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் சுழித்தார்.

"சார், அந்தச் சாடி சரியில்ல..." என்று இழுத்தார் டெமான்ஸ்ட்ரேட்டர்.

"அதெல்லாம் நான் பார்க்க முடியாது சார்."

வராந்தாவில் டெமான்ஸ்ட்ரேட்டர் என் கையைப் பிடித்தார். "அடப்பாவி, அஞ்சுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமேடா!" அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை இரண்டு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். அழுகைதான் வந்தது.

வீட்டில் அப்பா வேலை முடிந்து வந்து, சுண்ணாம்பில் வெந்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"இன்னாப்பா, உனக்குத் தெரிஞ்சத எழுதினியா?"

எனக்குத் தெரிந்தது அஞ்சு. அதை மட்டும்தான் எழுதவில்லை என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல?

"எழுதினேம்பா" என்றேன்.