ஒருமுறைகூடச் சுடாதது

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லாரும் கமாண்டர் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருபத்து மூன்று துப்பாக்கி வைத்திருப்பவரை வேறு எப்படிச் சொல்வது? கமாண்டர் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்று அக்காவைக் கூப்பிடுவார் என்பது வீட்டுக்குள் இருக்கிற எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள். ஏர் பிஸ்டல்தான். காற்றை அழுத்தி, மிளகு பருமன் ஈயக்குண்டைத் தள்ளி, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் ஓட்டை போடுகிற சாமான். அதிலும் அத்தானுக்குப் புதுசு ஆகாது. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். கூட வந்த பெட்டி, கையேடு, எண்ணெய்க் குப்பி எல்லாம் இருக்க வேண்டும். ஒருநாள் வெறும் பெட்டி ஒன்றைக் கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். அக்கா திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்றாள். "பெட்டிதான்டி விஷயமே! உனக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அத்தானுக்கு மின்சார அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் வேலை. மீட்டரைச் சோதித்து, கம்பி கோத்து, ஈய வில்லையை இடுக்கியால் நசுக்கி முத்திரை வைப்பார். அப்புறம் அதை யாரும் திறக்கக் கூடாது. முப்பது வருஷம் இதையே செய்தால் வீட்டிலும் அந்தப் புத்திதானே வரும்? கூடத்தில் கண்ணாடி அலமாரி, அதற்குப் பூட்டு, சாவி அவர் பனியனுக்குள். துப்பாக்கிகளைத் தொட வெள்ளைக் கையுறை. சொந்த மகளுக்கு ஜுரம் அடித்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்க்க அக்காவைத்தான் கூப்பிட்டார்.

அலமாரியின் நடுத்தட்டில் மகாராணி. நாங்கள் வைத்த பெயர். பக்கவாட்டில் லீவர் வைத்த பந்தயப் பிஸ்டல். முன்னால் ஒரு சின்ன அட்டையில் அத்தானின் முத்து முத்தான கையெழுத்து: 'ஒருமுறைகூடச் சுடாதது.' யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, மகாராணி தரிசனம் உண்டு. "ஸ்க்ரூவைப் பாருங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் பட்டதில்ல" என்பார். வந்தவர்கள் பாவம், குனிந்து ஸ்க்ரூவைப் பார்ப்பார்கள்.

இந்த வீட்டில் உண்மையாகவே சுடத் தெரிந்த ஆள் ஒருத்தி உண்டு. அவர் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் கல்லூரித் துப்பாக்கியை வைத்துப் பயிற்சி செய்கிறாள். சனிக்கிழமை அணித் தேர்வு, நாலே நாலு இடம். புதன்கிழமை பார்த்து அந்தத் துப்பாக்கி காற்று ஒழுக ஆரம்பித்து ரிப்பேருக்குப் போய்விட்டது. சொந்தத் துப்பாக்கி இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, ஒரே ஒரு நாள். மகாராணியத் தாங்கப்பா" என்று கேட்டாள்.

"சுட்டா அது சுடாதது ஆகுமா பாப்பா? நீயே யோசி."

"நான் ரெண்டு வருஷமா உழைச்சிருக்கேன்ப்பா."

"அது அறுபது வருஷமா சும்மா இருக்கு. அது சாதாரணமா?"

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அக்கா எனக்குப் போன் போட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் லேத் பட்டறைக்காரன். இரும்பு என்றால் வேலை செய்யணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நேராகப் போய், "ஏன் அத்தான், செத்தா கூடவே எடுத்துட்டுப் போகப்போறீங்களா?" என்று கேட்டேன். "மாப்ள, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். இரண்டு நாள் அக்கா அவரிடம் பேசவே இல்லை. காப்பி டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனுஷன் இறங்கி வந்தார். அதுவும் சும்மா இல்லை. எங்களையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்து, கையுறை மாட்டி, பெட்டியோடு மகாராணியை எடுத்து, "ஒரு தகப்பன் இதைவிட என்ன செய்ய முடியும்?" என்று தழுதழுத்தார். எனக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது என்றால் பாருங்கள்.

பழைய பேப்பர் திணித்த அட்டைப்பெட்டியைச் சுவரோரம் வைத்தோம். அவள் லீவரை இழுத்து, குண்டைப் போட்டு, குறி பார்த்து விசையை அழுத்தினாள். 'டப்' என்று கேட்க வேண்டியது 'புஸ்' என்றது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. திரும்ப லீவரை இழுத்துச் சாய்த்தபோது, நமுத்துப்போன பிஸ்கட் தூள் மாதிரி பழுப்பாக ஏதோ அத்தானின் வெள்ளைக் கையுறையில் கொட்டியது.

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. காற்றை அடைக்கிற வாஷர். அந்தக் காலத்தில் ஏதோ ரப்பர் மாதிரி ஒன்றில் செய்திருக்கிறார்கள். சுட்டாலும் சுடாவிட்டாலும் வயசானால் தானாகவே உதிர்ந்துவிடும். இத்தனை வருஷமாகக் கையுறை போட்டுக் காவல் காத்தது இந்தச் செத்த சாமானைத்தான்! அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அத்தான் முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

"விடுங்க அத்தான், ரெண்டு மணி நேர வேலை. திறந்து, தோல்ல ஒரு வாஷர் கடைஞ்சு போட்டுடறேன்" என்றேன்.

அவ்வளவுதான். மகாராணியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "திறக்கறதா? ஸ்க்ரூ?"

"அது செத்துப்போச்சு அத்தான்!"

"செத்தா என்ன? திறக்காம இருக்கே!"

அக்கா எழுந்தாள். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு செருப்பு டப்பாவை இழுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே இன்னொரு பிஸ்டல். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கரிச்சட்டி. மகாராணியின் அதே மாடல்தான். ஆனால் எவனோ அடுப்புக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்டை அதன்மேல் பூசியிருந்தான். பிடி உடைந்து கம்பி சுற்றியிருந்தது. ஸ்க்ரூ கழன்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தான் உதிரிக்காக வாங்கிப் போட்டது. "இதை என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றார் பெரிய மனசோடு.

அதன் வாஷரும் உதிர்ந்துதான் இருந்தது. பட்டறையில் என் பழைய பெல்ட்டை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, கடைந்து மாட்டினேன். உடைந்த பிடியை அவள் கைக்கு ஏற்ற மாதிரி அரத்தால் ராவிக் கொடுத்தேன். முதல் குண்டே 'டப்' என்று பாய்ந்தது. அவள் "மாமா!" என்று கத்திய சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் எட்டிப் பார்த்தான்.

சனிக்கிழமை நாலாவது ஆளாக வந்தாள். கடைசி இடம், ஆனாலும் இடம் இடம்தானே? அக்கா தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

திங்கட்கிழமை காலை பயிற்சிக்குக் கிளம்பியவள் கரிச்சட்டியைத் தேடினாள். கண்ணாடி அலமாரிக்குள் நடுத்தட்டில், மகாராணி பக்கத்திலேயே இருந்தது. பூட்டியிருந்தது. முன்னால் புது அட்டை: 'அணித் தேர்வில் வென்றது. தொடாதீர்கள்.'

"அப்பா, எனக்கு இன்னிக்கு பிராக்டிஸ்!"

"இனிமே அது சரித்திரம் பாப்பா. ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

புதன்கிழமை அழுத பெண் இப்போது அழவில்லை. "கதவத் திறக்கறீங்களா, இல்ல மாமாவ ஸ்க்ரூடிரைவரோட வரச் சொல்லட்டுமா? அப்படியே மகாராணியையும் பார்த்துட்டுப் போகட்டும்" என்றாளாம். சாவி பனியனுக்குள்ளிருந்து வெளியே வர அரை நிமிஷம்கூட ஆகவில்லையாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மகாராணி இன்னும் நடுத்தட்டில்தான் இருக்கிறது, அதே அட்டையோடு. வருகிறவர்கள் இப்போதும் குனிந்து ஸ்க்ரூவைப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கிற தூளைப் பற்றி அத்தான் மூச்சு விடுவதில்லை.

போன வாரம் மருமகள் பட்டறைக்கு வந்திருந்தாள். கரிச்சட்டியைக் காணோமே என்று கேட்டேன்.

"காலேஜ் லாக்கர்ல வச்சிட்டேன் மாமா. வீட்ல வச்சா அப்பா பத்திரமா வச்சிடுவாரு."