ஞானபாய் டீச்சரின் அளவு ஜாக்கெட்

ஞானபாய் நாசரேத்துக்காரி. அங்கேயே பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்து, தூத்துக்குடியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக வந்து சேர்ந்தவள். கணவர் எஸ்றாவுக்குப் புதுத் துறைமுகத்து ஆபீசில் குமாஸ்தா வேலை. இருவரும் சர்ச்சுப் பாடகர் குழுவில் இருந்தார்கள். அவர் பின்வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுவார். இவள் பாடுவதோடு குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தாள். கெட்டிக்காரி, நேரம் தவறாதவள், யாரிடமும் கைநீட்டாதவள். இத்தனை நல்ல குணமும் கிரேசியைக் கண்டால் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்றுதான் தெரியவில்லை.

கிரேசி சாத்தான்குளத்திலிருந்து மாற்றலாகி அதே பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த கையோடு பாடகர் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். அழகி என்று சொல்லிவிட முடியாது. நிறம் மட்டு, மூக்கு சப்பை, உடம்பு நல்ல பூசின உடம்பு. 'என்னைவிட ஒரு சுற்று பெருத்தவள்' என்பது ஞானபாயின் கணக்கு. ஆனால் அவள் ஒரு சாதாரண வாயில் துணிச் சேலையை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் ஹெட்மாஸ்டர்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். கை தூக்கி போர்டில் எழுதுவாள், குனிந்து நோட்டுப் பொறுக்குவாள், பெஞ்சைத் தாண்டுவாள்; ஜாக்கெட் அதுபாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கும். ஞானபாய் போர்டின் மேல்பாதியில் எழுதியே வருஷக்கணக்கு ஆகிவிட்டது. கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விட்டுப்போகும்.

ஒல்லியான ஒருத்தி எடுப்பாக இருந்தால் ஞானபாய் மன்னித்திருப்பாள். தன்னைவிடப் பெருத்த ஒருத்தி பாந்தமாக இருப்பதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. போதாக்குறைக்கு எஸ்றா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "கிரேசி டீச்சர் எதை உடுத்தாலும் ஒரு நேர்த்திதான், கேட்டியா?" என்று சொல்லிவிட்டார். மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை ரசம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஞானபாயின் ஜாக்கெட் சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் டெய்லர் முன்னால் போய் நின்று அளவு கொடுக்க மாட்டாள். தனக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவாள். அதுதான் அளவு ஜாக்கெட். டெய்லர் அதை விரித்து வைத்து, அதன்படி வெட்டித் தைப்பார். ஞானபாயின் அளவு ஜாக்கெட் பயிற்சிப் பள்ளி முடித்த வருஷம் தைத்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது முப்பத்தாறு, நடுவில் இரண்டு பிள்ளைப்பேறு. ஜாக்கெட் மட்டும் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதையே கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் புது ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கும். "பிச்சையா டெய்லருக்குக் கை கெட்டுப்போச்சு" என்று திட்டிக்கொண்டே உள்தையலைப் பிரிப்பாள். கொக்கி மாட்டாத இடத்தில் ஊக்குக் குத்தி, மேலே முந்தானையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொள்வாள்.

பிச்சையா ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "டீச்சரம்மா, இந்த அளவு கொஞ்சம் பழசு மாதிரி தெரியுது. வேற ஒண்ணு இருந்தாக் குடுங்களேன்."

"அளவு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க தைக்கத நேரா தையுங்க" என்று வாயை அடைத்துவிட்டாள்.

எழுபத்தாறாம் வருஷம் பாடகர் குழுவுக்கு இருபத்தைந்தாவது ஆண்டு வந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போட்டோ எடுத்து, பெரிதாகச் சட்டம் போட்டு, பாட்டுப் பயிற்சி அறையில் மாட்டுவதாகத் தீர்மானம் ஆயிற்று. பெண்கள் பதினாலு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சேலை, கருநீல ஜாக்கெட். ஏற்கெனவே இருபதாவது ஆண்டுப் படம் ஒன்று அங்கே தொங்குகிறது. அதில் ஞானபாய் குளிர்காய்ச்சல்காரி மாதிரி போர்த்திக்கொண்டு நிற்பாள். வாராவாரம் அதைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். இந்தப் படத்திலாவது மனுஷி மாதிரி இருக்க வேண்டும், அதுவும் கிரேசி பக்கத்தில் இருக்கும்போது இருக்க வேண்டும் என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரே சேலை, ஒரே துணி, ஒரே டெய்லர். இனி சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

செயலாளர் என்பதால் எல்லாருடைய அளவு ஜாக்கெட்டும் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதின சீட்டைக் குத்தி, மொத்தமாக டெய்லரிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, கட்டிலில் பதினாலையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிரேசியின் ஜாக்கெட் கையில் வந்தது. புரட்டிப் பார்த்தாள். உள்ளே வெளியே இழுத்துப் பார்த்தாள். வெட்டில் ஏதோ மந்திரம் இருக்கும் என்று தேடினாள். நாலு தையல், ஆறு கொக்கி, அவ்வளவுதான்.

போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. அடுத்தவள் ஜாக்கெட்டைப் போடுவதாவது! ஆனால் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? பெரிதாக இருந்தால் ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். அந்த வெட்டு தனக்கும் வரட்டுமே. பிறகு, தன் அளவில் தைத்த ஜாக்கெட்டுக்குள் கிரேசி கையை நுழைக்கப் படும் பாட்டை நினைத்தாள். நேர்த்தி! அந்த நேர்த்தி அன்றைக்கு எங்கே போகும் என்று பார்ப்போம். உடம்பெல்லாம் ஜில்லென்று ஒரு சந்தோஷம் பரவியது. மனது மாறுவதற்குள் தன் பெயர்ச் சீட்டைக் கிரேசியின் ஜாக்கெட்டிலும், கிரேசியின் சீட்டைத் தன் பழைய ஜாக்கெட்டிலும் குத்திவிட்டாள்.

போட்டோவுக்கு முந்தின நாள் சாயங்காலம் தைத்த ஜாக்கெட்டுகளை வாங்கக் கடைக்குப் போனாள். பிச்சையா சிரித்துக்கொண்டே, "டீச்சரம்மா, இந்தத் தடவ எல்லாத்தையும் வெட்டுனது கடைப் பையன்தான், உங்க சீட்டு குத்துனத மட்டும் நான் பாத்தேன். கடைசியில புது அளவு குடுத்துட்டீங்க. ரொம்பச் சந்தோஷம்" என்றார். ஞானபாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடையைவிட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் பழைய ஜாக்கெட்டுகளை அவரவர்க்கு உரியபடி திருப்பி மாற்றி வைத்து, புதுசோடு சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தனுப்பினாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னுடையதைப் போட்டாள்.

கை ஏறியது. கொக்கி ஆறும் மாட்டியது. ஊக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள், ஒரு தையலும் முனகவில்லை. கண்ணாடியில் தோள் தோளாக இருந்தது, இடுப்பு இடுப்பாக இருந்தது. பிடித்துத் தைக்க ஒரு விரல்கடை துணிகூட மிச்சம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு சுற்று பெருத்தவள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளின் ஜாக்கெட், அளவெடுத்துத் தைத்தாற்போல் தனக்குப் பொருந்துகிறது. கிரேசியின் அளவுதான் தன் அளவு. ஒரு நிமிஷம் முகம் வாடினாள். அப்புறம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷம் இந்த உடம்பை வைத்துக்கொண்டா ஒளிந்து திரிந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போர்த்தாமல் போனாள். கடற்காற்று முந்தானையை இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். குழுவில் கூடப் பாடும் அற்புதமணி கிட்டே வந்து, "ஏளா ஞானபாய், பத்து வயசு குறைஞ்சிட்டியே, என்ன செஞ்ச?" என்று கேட்டாள். எஸ்றா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். போட்டோக்காரர் வன்னியபெருமாள் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டார். முன்வரிசையில் ஏழு நாற்காலி. நடு நாற்காலி செயலாளருக்கு. ஞானபாய் அதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆராதனையில் கிரேசியைக் காணோம். போட்டோவுக்கும் வரமாட்டாள் என்று இவள் நிச்சயம் பண்ணிக்கொண்ட நேரத்தில் கேட் திறந்தது. கிரேசி அதே வெள்ளைச் சேலையில், வீட்டிலிருந்த ஒரு வெள்ளை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையை வீசி வந்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். காலையிலேருந்து புது ஜாக்கெட்டோட மல்லுக்கட்டிப் பாத்தேன், முழங்கைக்கு மேல ஏறமாட்டேங்கு. எனக்கு நாப்பது இஞ்சு. இது முப்பத்தாறுதான் இருக்கும்" என்றாள், ஆண்கள் பன்னிரண்டு பேர் நிற்கிறார்களே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல். "டெய்லர் அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. பதினாலு சட்டை. பாவம், மாறிப்போயிருக்கும்."

நாற்பது என்ற சொல் கேட்டதும் ஞானபாய்க்குக் காது சுட்டது. அது தன் நம்பரும்தானே. ஊரறிய யாரோ தன்னைச் சொன்னதுபோல் கூனிக்குறுகினாள். ஆனால் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "எனக்கு நாப்பத்திரண்டு" என்றாள் அற்புதமணி. அதற்கும் சிரித்தார்கள்.

வன்னியபெருமாள் கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுப் பார்த்தார். வெளியே வந்து தலையைச் சொறிந்தார். மறுபடி உள்ளே போனார்.

"அத்தன பேரும் நீலம், ஒரு ஆளு மட்டும் வெள்ளை. ஓரத்துல நிறுத்துனா படம் ஒரு பக்கமா இழுக்கும். வெள்ளச் சட்டை டீச்சர் நடுவுல வாங்க. நடுவுல இருக்க டீச்சர் கொஞ்சம் ஓரத்துக்குப் போங்க."

ஞானபாய் எழுந்தாள். வேறு என்ன செய்ய? கிரேசி அவள் கையைப் பிடித்து, "அக்கா, இன்னைக்கு உங்களுக்கு எவ்வளவு பாந்தமா இருக்கு தெரியுமா? இனிமே இந்த ஜாக்கெட்டயே அளவுக்குக் குடுங்க" என்றாள். பொய்யில்லாத முகம். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஞானபாய் முன்வரிசைக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பதினைந்து நாளில் படம் வந்தது. கருநீலமெல்லாம் கறுப்பாக விழுந்திருந்தது. நடுவில் கிரேசி மட்டும் பளிச்சென்று இருந்தாள். யார் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போயிற்று. அடுத்த ஆண்டுக்கு எல்லாரும் வெள்ளை ஜாக்கெட்டே போடலாம் என்று அங்கேயே பேச்சு வந்துவிட்டது. ஞானபாய் படத்துக்குக் கிட்டே போய் ஓரத்து நாற்காலியைத் தேடினாள். தோள், கை, இடுப்பு, எல்லாம் அவள் ஆசைப்பட்டபடியே அமைந்திருந்தன. ஜாக்கெட்டை ஒரு குறை சொல்ல முடியாது.

எஸ்றா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார்.

"இருபத்தாறு பேர்ல இருபத்தஞ்சு பேரு காமிராவப் பாக்காங்க. நீ மட்டும் ஏன் ஞானம், கழுத்தத் திருப்பிக்கிட்டு கிரேசி டீச்சரையே பாத்துக்கிட்டு இருக்க?"