பிரான்சிஸின் பீடிச் சூடு

"இன்னா செல்வி, பி.எஸ்சி. படிச்சிட்டு எலிக்குப் பேன் பாத்துக்கினு இருக்க?"

வல்லத்தை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களையெடுக்கும் அம்மணி தினமும் செய்யும் கேலி இது.

"உனுக்கும் பாக்கட்டாக்கா? மயக்க மருந்து குடுத்துட்டுத்தான் பாப்பேன்."

சகாயசெல்வி திண்டிவனத்தில் விலங்கியல் படித்தவள். எலி உண்ணிகளால் மனிதருக்கு வரும் காய்ச்சலை ஆராய வந்த குழுவில் 2012இல் தினக்கூலிக்குச் சேர்ந்தாள். சுட்ட கருவாட்டைக் கூண்டில் வைத்து எலி பிடிப்பாள். மயங்கிய எலியைச் சீப்பால் வாரினால் வெள்ளைத் தட்டில் உண்ணிகள் உதிரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், உண்ணி கடித்த இடம் எப்படியிருக்கும் என்று ஒரு படம் காட்டினார்கள். கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. செல்வி அதை முன்பே பார்த்திருந்தாள். 1998இல் அவள் அண்ணன் பிரான்சிஸ் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் மல்லாட்டை பிடுங்கப் போய்வந்து காய்ச்சலில் விழுந்தான். அவன் அக்குளிலும் இதே பொருக்கு இருந்தது.

"பீடியைச் சட்டைக்குள்ள மறைச்சி சுட்டுக்கினியாடா?" என்று அம்மா நறுக்கென்று தலையில் குட்டினாள்.

"சத்தியமா இல்லம்மா."

அம்மா நம்பவில்லை. செல்வியும் நம்பவில்லை. அந்த வாரமே அவன் போய்விட்டான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவத்தி ஏற்றும்போது அம்மா குனிந்து கேட்பாள்: "ஏன்டா எங்கிட்ட பொய் சொன்ன?"

அந்தக் கேள்வியை நிறுத்திவிட வேண்டும் என்று செல்விக்குத் தவிப்பாக இருந்தது. ஆனால் ஒரு படத்தை மட்டும் நம்பி எப்படிச் சொல்வது? யாரிடமும் கேட்காமல், பிரான்சிஸ் வேலை செய்த அனந்தபுரத்துக் கொல்லை வரப்பில் ஒரு கூண்டு வைத்தாள். எலி விழுந்தது.

குழுத் தலைவர் இருதயநாதன் கூண்டுச் சீட்டில் எழுதியிருந்த ஊரைப் பார்த்தார். "இது நம்ம இடமே இல்லியேம்மா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எலிக்கு ஆயுசே ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோதான். அப்ப இருந்த எலி வேற, இது வேற."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் புடிச்சாந்தேன்."

மனசு கேட்காமல் அவர் அதன் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். கிருமி இல்லை என்று வந்தது.

"அப்படின்னா அப்பவும் இல்லைன்னு அர்த்தமா சார்?"

"இல்லம்மா. இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது."

நவம்பரில் கல்லறையில் அம்மா வத்தியைப் பற்றவைத்துக் குனிந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் செல்வி சொன்னாள்: "அவன் பீடி புடிக்கலம்மா. அது உண்ணி கடிச்ச காயம்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

காற்றில் வத்தி அணைந்தது. அம்மா அதைத் திரும்ப ஏற்றவில்லை.

"ரொம்ப வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. உண்ணி கடிக்கறதே தெரியாது. பொருக்கும் வலிக்காது." இதையாவது அவளால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

"நான் குட்டினது?"

செல்வி தீப்பெட்டியைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டாள்.